காட்டச் சுருட்டுக்கு எந்த பீர்?

கனத்துக்குக் கனம், மென்மைக்கு மென்மை. சுருட்டையும் பீரையும் சேர்த்து எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளுகிறார்கள். இளம்பழுப்பு இலை சுற்றிய டொமினிகன் சுருட்டு என்றால் வெளிறிய லாகர். நிகராகுவாவின் கறுத்த, காட்டமான சுருட்டு என்றால் அதைவிடக் கறுத்த இம்பீரியல் ஸ்டவுட். ஒயின்காரர்களிடமிருந்து இரவல் வாங்கிய விதி இது. ஒரு மாலைப் பொழுதை நண்பர்களோடு கழிக்க வந்தவருக்கு இதனால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. சுருட்டின் தரத்தை எடைபோட உட்கார்ந்தவருக்கோ இந்த விதி பகை என்பது என் கட்சி. ஏன் என்று பார்க்க மூன்று விஷயங்களைப் பிரித்து ஆராய வேண்டியிருக்கிறது: கனமான சுருட்டு என்கிறோமே, அந்தக் கனம் எது, அதற்கு மதிப்பெண் போடுகிறவர்கள் எப்படிப் போடுகிறார்கள், நடுவில் புகும் பீர் வாய்க்குள் என்ன வேலை செய்கிறது.

முதலில் கனம். புகைப்பவர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடும் இந்தச் சொல்லுக்குள் மூன்று தனித்தனிக் குணங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று காட்டம். அதாவது நிக்கோட்டின் ஏறும் வேகம். இது நாக்கில் தெரிவதைவிட நெற்றியிலும் வயிற்றிலும்தான் தெரியும். வெறும் வயிற்றில் புகைத்தவருக்கு வியர்த்துக் கொட்டித் தலை சுற்றுவது இதனால்தான். இரண்டாவது, வாயில் புகை உட்காரும் அடர்த்தி. மூன்றாவது, மணமும் சுவையும் எவ்வளவு தூக்கலாக இருக்கின்றன என்பது. மூன்றும் சேர்ந்து உயர்ந்திருக்கும் சுருட்டுகள் உண்டு; கியூபாவின் பொலிவார், பார்ட்டகாஸ் சீரி டி நம்பர் 4 ஆகியவற்றை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் மூன்றும் சேர்ந்தே வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புகை அடர்த்தியாகவும் காட்டம் நடுத்தரமாகவும் அமைந்த சுருட்டுகள் ஏராளம். சுவையே இல்லாமல் காட்டம் மட்டும் அடிக்கிற மட்டச் சுருட்டுகளும் ஏராளம். ‘ஃபுல் பாடி’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குகிறவருக்கு இந்த மூன்றில் எது கிடைக்கும் என்பது தீப்பற்ற வைத்த பிறகுதான் தெரியும்.

காட்டம் எங்கிருந்து வருகிறது என்பது செடியைப் பார்த்தாலே விளங்கிவிடும். கியூபாக்காரர்களின் வழக்கப்படி, அடியில் நிழலில் கிடக்கும் இலை வொலாடோ. நன்றாக எரியும், சுவை குறைவு. நடு இலை செக்கோ, மணம் அதனுடையது. உச்சியில் வெயில் முழுவதையும் வாங்கித் தடித்து எண்ணெய்ப் பசை ஏறிய இலை லிஹெரோ. நிக்கோட்டின் அதிகம் இருப்பது இதில்தான். இது மெதுவாக எரியும் இலை என்பதால் சுருட்டுபவர் இதைச் சரியாக நடுவில் வைக்க வேண்டும். கொஞ்சம் ஓரம் சாய்ந்தாலும் சுருட்டு ஒருபக்கமாக எரிந்து கோணிக்கொள்ளும். அறுவடையான இலையைக் குவியல் குவியலாக அடுக்கி, தானாகச் சூடேறிப் புளிக்கவிட்டு, சூடு மிஞ்சும்போது குவியலைப் பிரித்து மறுபடி அடுக்குவார்கள். அந்தப் புளிப்பில்தான் அம்மோனியா வெளியேறும். காட்டத்தின் முரட்டுத்தனமும் அடங்கும். அவசரப்பட்டுச் சந்தைக்கு வந்த சுருட்டில் அம்மோனியா நெடி மூக்கைக் குத்துவது இந்தக் கட்டத்தில் செய்த கஞ்சத்தனத்தின் பலன்.

வெளியே தெரியும் நிறத்துக்கும் காட்டத்துக்கும் நேரடி உறவு இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மடூரோ என்னும் கறுத்த மேலிலை கூடுதல் சூட்டில், கூடுதல் காலம் புளிக்கவைக்கப்பட்டது. பல சமயம் அது இனிப்பைத்தான் கூட்டுகிறது. ஆனாலும் கறுப்பைக் கண்டதும் காட்டம் என்று கண் முடிவு கட்டிவிடும். கண் நாக்கை ஏமாற்றுவது எவ்வளவு எளிது என்பதை ஒயின் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஃபிரான்சில் மோரோ, ப்ரோஷே, டுபூர்தியூ ஆகிய மூவர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒயினியல் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். கறுத்த சுருட்டையும் கறுத்த பீரையும் ஒன்றாக வைத்து ‘என்ன பொருத்தம்!’ என்று வியப்பவர்களில் எத்தனை பேர் நாக்கால் வியக்கிறார்கள், எத்தனை பேர் கண்ணால் வியக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

காட்டமான சுருட்டுக்கு இன்று இருக்கும் மவுசுக்குப் பின்னால் அரசியலும் இருக்கிறது. 1960-இல் கியூபாவின் புகையிலைத் தொழில் அரசுடைமையானது. 1962-இல் அமெரிக்கா வணிகத் தடை விதித்தது. வெளியேறிய குடும்பங்கள் விதையையும் கைப்பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு டொமினிகன் குடியரசு, ஹொண்டுராஸ், நிகராகுவா என்று பரவின. நிகராகுவாவின் எஸ்தெலி, ஹலாப்பா, கொண்டேகா பகுதி மண்ணில் விளைந்த இலைக்குத் தனி வலு இருந்தது. ஹோயா தெ நிகராகுவா 1968-இல் தொடங்கியது. 1964-இல் மயாமியில் சிறிதாகத் தொடங்கிய ஹோசே ஒர்லாண்டோ பட்ரோன் 1970-இல் நிகராகுவாவுக்கு வந்தார். 1978 கலவரத்தில் அவருடைய ஆலை எரிந்தது. 1985 முதல் 1990 வரை நிகராகுவாமீதும் அமெரிக்கத் தடை இருந்தது. இத்தனைக்கும் தப்பிப் பிழைத்த தொழிலுக்கு, 1992-இல் மார்வின் ஷேங்கன் தொடங்கிய ‘சிகார் அஃபிசியனாடோ’ இதழும் அதைத் தொடர்ந்து வந்த சுருட்டு மோகமும் கைகொடுத்தன. அதுவரை அமெரிக்கர்கள் விரும்பியது மென்மையான சுருட்டு. 1995-இல் வந்த ஃபுவெந்தே ஓபஸ் எக்ஸ் அந்த ருசியை மாற்றிய பெயர்களுள் ஒன்று. 2015-ஆம் ஆண்டின் சிறந்த சுருட்டாக அதே இதழ் தேர்ந்தெடுத்தது எஸ்தெலியின் மை ஃபாதர் லெ பிஜூ 1922 என்ற கறுத்த, காட்டமான சுருட்டை.

நம் பக்கத்துக்குக் காட்டம் புதிது அல்ல. யாழ்ப்பாணப் புகையிலை டச்சுக்காரர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. திண்டுக்கல் இலையும் உறையூரில் சுருட்டிய திருச்சிச் சுருட்டும் விக்டோரியா காலத்து லண்டன்வரை போயின. 1887-இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதையில், கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். கருநிறமும் செதிள் செதிளாக உதிரும் தன்மையும் அவருக்குச் சாட்சி. இன்றைய மதிப்பீட்டாளர்களும் சாம்பலைப் பார்க்கிறார்கள். ஆனால் சாம்பல் சொல்வது மண்ணின் கதை. இலை உறிஞ்சிய மக்னீசியம், கால்சியம் போன்ற உப்புகளைப் பொறுத்து அது வெளுக்கும், கறுக்கும். வெள்ளைச் சாம்பல் உயர்ந்த சுருட்டின் அடையாளம் என்ற பேச்சைக் கடைக்காரர்களுக்கே விட்டுவிடலாம். உதிராமல் நீளமாக நிற்கும் சாம்பல் மட்டும் ஒன்றைச் சொல்லும்: உள்ளே முழுநீள இலை இருக்கிறது, இறுக்கமாகச் சுருட்டியிருக்கிறார்கள்.

மதிப்பெண் போடும் முறைக்கு வருவோம். ‘சிகார் அஃபிசியனாடோ’ இதழ், பெயர்ப்பட்டையைக் கழற்றி, எண் மட்டும் ஒட்டிய சுருட்டைச் சுவைப்பவரிடம் கொடுக்கிறது. தோற்றமும் கட்டமைப்பும், எரியும் விதம், சுவை, மொத்த அபிப்பிராயம் என நான்கு தலைப்புகளில் பார்த்து 100-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 95-க்கு மேல் போனால் அபூர்வம். 90-ஐத் தொட்டாலே கடையில் சரக்கு தீர்ந்துவிடும். வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்கிறவரும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் போகிறார். பற்றவைக்கும் முன் விரலால் அமுக்கி மேடு பள்ளம் பார்ப்பது. தலையை வெட்டி, நெருப்பில்லாமலே இழுத்து இலையின் பச்சை மணத்தை அறிவது. அடியை நெருப்பில் நேராகக் காட்டாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து வாட்டுவது. பிறகு நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. வேகம் கூடினால் முனை சூடேறிக் கசந்துபோகும், அந்தக் கசப்புக்குச் சுருட்டைக் குற்றம் சொல்ல முடியாது. புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் வைத்துச் சிறிதளவை மூக்கு வழியாக வெளியேற்றுவார்கள்; நாக்குக்கு எட்டாத மணங்கள் அங்கேதான் பிடிபடும். மிளகு என்று எழுதுகிறார்களே, அந்த உறைப்பும் மூக்கின் உட்சுவரில் ஏற்படும் எரிச்சல்தான். சுருட்டை மூன்று பங்காகப் பிரித்துக் குறிப்பெழுதுவது வழக்கம். லிஹெரோ நிறைந்த சுருட்டில் முதல் பங்கு மிளகாகவும், நடுப்பங்கு கோகோ, காப்பி, தோல், மரம் என்று விரிந்தும், கடைசிப் பங்கு காட்டம் ஏறியும் போகும். 124 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு ரொபுஸ்டோ முடிய முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

இத்தனை ஒழுங்கோடு போட்ட மதிப்பெண்ணையும் எவ்வளவு நம்புவது? ராபர்ட் ஹாட்ஜ்சன் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு ஒயின் நடுவர்களைச் சோதித்தது. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியில், ஒரே புட்டி ஒயினை மூன்று முறை வெவ்வேறு எண்களில் அவர்கள் முன் வைத்தார்கள். மூன்றுக்கும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் கொடுத்தவர்கள் சுமார் 10 சதவீதம்தான். ஒயினிலாவது ஒரே புட்டியை மூன்று முறை ஊற்றலாம். சுருட்டில் அதற்கும் வழியில்லை. ஒருவர் புகைத்த சுருட்டை இன்னொருவர் புகைக்க முடியாது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டும் வெவ்வேறு கை சுருட்டியவையாக இருக்கலாம். போதாததற்குச் சேமிப்பு வேறு. ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்துக்குள் இல்லையென்றால் அதே சுருட்டு ஒருநாள் வறண்டு சுள்ளென்று எரியும், இன்னொரு நாள் ஈரம் கோத்து இழுபடாமல் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒற்றைச் சுருட்டைப் புகைத்து எழுதிய மதிப்புரையை ஒரு மாலையின் குறிப்பு என்ற அளவிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆட்டம் காணும் தராசில்தான் பீரையும் தூக்கி வைக்கிறோம்.

பீர் வாய்க்குள் ஐந்தாறு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது. நுரைக்கும் கரியமில வாயு நாக்கில் கரைந்து அமிலமாகி, ஒரு கூச்சத்தைத் தருகிறது. புகை விட்டுச்சென்ற படிவைச் சுரண்டி எடுப்பதுபோல் தோன்றுவது இதனால். ஹாப்ஸ் பூக்களின் கசப்பு நாக்கின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. மால்ட்டின் மீந்த இனிப்பு கசப்பை அமுக்குகிறது. இனிப்பும் கசப்பும் கலந்தால் ஒன்றை ஒன்று மட்டுப்படுத்தும் என்பது சுவையியலின் பழைய பாடம். சாராயச் சூடு உறைப்பைத் தூண்டுகிறது. பீரின் ஈரமோ புகையால் உலர்ந்த வாய்க்கு எச்சிலின் வேலையைச் செய்கிறது. இத்தனையும் குளிரில் மாறும்: உறைகுளிரில் ஊற்றிய பீரில் இனிப்பு மங்கிவிடும், கொஞ்சம் சூடேறியதும் எழும். ஒரு மணி நேரச் சுருட்டுக்கு ஒரே கோப்பையை வைத்துக்கொண்டவர், முதல் பங்கைக் குளிர்ந்த பொங்கும் பீரோடும் கடைசிப் பங்கை வெதுவெதுப்பான, நுரை செத்த பீரோடும் புகைக்கிறார். சுருட்டு மாறியதா, பீர் மாறியதா என்பதை அவர் எப்படிப் பிரிப்பார்? பாதிப் பாதியாக ஊற்றிக்கொள்வது இந்தக் குழப்பத்துக்குச் சின்ன மருந்து.

காட்டத்தோடு பீருக்கு இன்னொரு உறவு இருக்கிறது; அதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. சிகரெட் புகை சற்று அமிலத்தன்மை உடையது, அதனால் நிக்கோட்டின் வாயில் அதிகம் உறிஞ்சப்படாமல் நுரையீரலைத் தேடிப் போகிறது. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. அதிலுள்ள நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். புகையை உள்ளிழுக்காமலே தலை கிறுகிறுப்பதன் ரகசியம் இதுதான். நிக்கோட்டின் சூயிங்கம் வாங்குகிறவர்களிடம், அதை மெல்வதற்கு முன்னும் மெல்லும்போதும் காப்பி, கோலா போன்ற அமிலப் பானங்கள் வேண்டாம் என்று எச்சரிப்பார்கள். வாயில் அமிலம் கூடினால் நிக்கோட்டின் உறிஞ்சப்படுவது குறையும். பீரும் அமிலப் பானம்தான், அதன் பி.எச். பெரும்பாலும் 4-லிருந்து 4.5-க்குள். அப்படியானால் மடக்குக்கு மடக்கு பீர் குடித்துக்கொண்டே புகைப்பவருக்குக் காட்டச் சுருட்டு சற்றுச் சாதுவாகத் தெரிவதில் வியப்பில்லை. இது சூயிங்கத்திலிருந்து சுருட்டுக்கு நான் நீட்டும் ஊகம். ஆனால் வேதியியல் இரண்டு இடத்திலும் ஒன்றே. ‘இந்தச் சுருட்டு சொன்ன அளவுக்குக் காட்டமில்லை’ என்று பீர்க் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீர்ப்பெழுதுகிறவர், பீர் செய்த உபகாரத்தைச் சுருட்டின் குணமாக எழுதிவிடுகிறார்.

இனி பீர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எல்லோரும் முதலில் கைகாட்டும் இம்பீரியல் ஸ்டவுட், 18-ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து ரஷ்ய அரசவைக்குப் போன கறுத்த பீரின் வாரிசு. வறுத்த பார்லியின் காப்பி, கோகோ மணங்களுக்குப் பைரசின் என்ற வேதிப்பொருள்கள் ஒரு காரணம். புகையிலைப் புகையிலும் அதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு. எனவே இரண்டும் இழைந்துபோகின்றன என்பது மெய். சிக்கலும் அங்கேதான். ஒரே மணம் இரண்டு பக்கமிருந்தும் வந்தால் மூக்கு அதற்குப் பழகி மரத்துப்போகும். எது யாருடையது என்ற கணக்கும் தவறும். கசப்போ அமெரிக்க பீர் நடுவர் அமைப்பின் வரையறையில் 50-லிருந்து 90 கசப்பு அலகுவரை ஏறக்கூடியது. லிஹெரோவின் கசப்போடு அது சேர்ந்தால் கடைசிப் பங்கு வாயில் நிற்காது.

ஐ.பி.ஏ. என்னும் இந்தியா பேல் ஏல் இன்னும் மோசம் என்பது என் எண்ணம். இனிப்பு குறைவு, ஹாப்ஸ் கசப்பு 40-லிருந்து 70 அலகு. நடுத்தரச் சுருட்டோடு அதன் பழ மணம் அழகாக எதிர்நிற்கலாம். காட்டச் சுருட்டோடு அது சண்டைக்கே நிற்கும்.

பவேரியாவின் பம்பெர்க் நகரத்து ராவுக்பியர் வேடிக்கையான சோதனை. பீச் மரப் புகையில் உலர்த்திய மால்ட்டால் காய்ச்சுவது. ஷ்லெங்கெர்லா விடுதியின் பீர் அதில் பேர்போனது. மரம் எரியும்போது எழும் குவாயகோல் பீரிலும் இருக்கிறது, சுருட்டுப் புகையிலும் இருக்கிறது. கனத்துக்குக் கனம் விதிப்படி இதைவிடப் பொருத்தம் வேறு இருக்கக் கூடாது. உண்மையில் நடப்பது என்னவென்றால், புகைக்கும் புகைக்கும் நடுவில் சுருட்டு காணாமல் போகிறது.

காட்டச் சுருட்டை உள்ளபடி காட்டுவது டோப்பல்பாக்தான். மியூனிக் நகரத்துப் பவுலானர் துறவிகள் தவக்காலத்துக்காகக் காய்ச்சிய கெட்டி பீரின் வழியில் வந்தது. சாராயம் 7 முதல் 10 சதவீதம். கசப்பு 16-லிருந்து 26 அலகுக்குள் அடங்கிவிடும். ரொட்டி மேலோட்டின் வாசமும் மால்ட் இனிப்பும் உண்டு, வறுவல் மணம் மிகக் குறைவு. இனிப்பு லிஹெரோவின் கசப்பை இளக்கும், மணத்தில் போட்டியிடாது. மிளகும் தோலும் மரமும் அவரவர் இடத்தில் நின்று பேசும். பெல்ஜியத் துறவிமடங்களின் கரும்பீர்களும், ரோஷ்ஃபோர் 10 போன்றவை, இந்த வேலையைச் செய்யக்கூடியவை. அவற்றின் உலர்பழ மணம் மட்டும் சற்று முந்திரிக்கொட்டை. இலங்கையின் லயன் ஸ்டவுட் இந்த வரிசையில் தன் இடத்தைக் கேட்கிறது. 8.8 சதவீதச் சாராயம். ஆங்கிலேய பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் உலகத்துக்கு அறிமுகப்படுத்திப் புகழ்ந்தது. வறுவல் இருந்தாலும் கருப்பட்டி இனிப்பு அதைத் தாங்கிப் பிடிக்கிறது. ஸ்டவுட்டைத்தான் குடிப்பேன் என்று அடம்பிடிப்பவர்க்கு நான் இதைத்தான் சொல்வேன். எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கும் சாதாரண லாகரும் கெட்டதில்லை. சொந்தக் கருத்து குறைந்த பீர், சுருட்டுக்குப் பேச இடம் விடுகிறது.

ஒன்றைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. சாராயமும் புகையிலையும் தனித்தனியே புற்றுநோய்க் காரணிகள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இரண்டும் சேரும்போது ஆபத்து கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். புகையை உள்ளிழுப்பதில்லை என்பது நுரையீரலுக்கு ஓரளவு ஆறுதலாகலாம், வாய்க்கு ஆகாது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலை இருக்கக்கூடும் என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் எப்போதோ எழுதிவைத்தது. நாம் இவ்வளவு நேரம் ஆராய்ந்த இந்தப் பொருத்தம் துல்லியமாக அதே இடத்தில், அதே வாய்த்தோலில்தான் நடக்கிறது. பொருத்தங்களைப் பட்டியலிடும் எழுத்துகளில் இந்த வரி ஏன் இத்தனை அரிதாக வருகிறது என்பதற்கு விளம்பரப் பக்கங்களைப் புரட்டினால் பதில் கிடைக்கும்.

சுருட்டும் பீரும் ஒரே ஊரில் வளர்ந்த கதையும் உண்டு. ஃபுளோரிடாவின் டம்பாவில் விசெந்தே மார்டினெஸ் இபோர் 1880-களில் சுருட்டு ஆலைகளுக்காகவே இபோர் சிட்டியை எழுப்பினார். அடுத்த பத்தாண்டில் அங்கேயே பீர் ஆலையும் வந்தது. அந்த மரபை நினைவில் வைத்து 2009-இல் தொடங்கியது சிகார் சிட்டி என்ற பீர் நிறுவனம். தன் பழுப்பு பீர் ஒன்றுக்கு மடூரோ என்றே பெயரிட்டது. இன்னொரு படி மேலே போய், தன் ஐ.பி.ஏ.வை ஸ்பானிஷ் சிடார் மரத்தில் ஊறவைத்தது. சுருட்டுப் பெட்டிகளும் ஈரப்பதப் பேழைகளும் செய்யும் அதே மரம். பெட்டிக்குள் மாதக்கணக்கில் கிடந்த சுருட்டில் அந்த மரத்தின் வாசம் தானாகவே ஏறியிருக்கும். இப்போது அந்த பீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, மதிப்பீட்டாளர் ‘சிடார்’ என்று குறிப்பேட்டில் எழுதுகிறார். அந்த மதிப்பெண்ணைச் சுருட்டின் கணக்கில் வரவு வைப்பதா, பெட்டியின் கணக்கிலா, பீரின் கணக்கிலா? முதல் பங்கைத் தண்ணீரோடு மட்டும் புகைத்து, எழுதி, கோடு கிழித்துவிட்டு, அதன்பிறகே பீர்ப் புட்டியைத் திறந்தவருக்கு மட்டும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வாய்ப்புண்டு.